இருபது நிமிடத்துக்கு மேல்

மாதத்தில் ஒரு நாள் சாயங்காலம் அவளுடைய புருஷன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைப்பார். அந்த மாதத்துச் செஸ் பத்திரிகை தபாலில் வந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். டீ ஆறிப்போனாலும் கவனிக்க மாட்டார். கடைசிப் பக்கத்தில் ஒரு பலகைப் படமும் அதன் கீழே ஒரு வரிக் கேள்வியும் இருக்கும். காதில் செருகிய பென்சிலை எடுத்துப் படத்தில் ஒன்றிரண்டு கோடு இழுப்பார். பிறகு கடிகாரத்தைப் பார்த்து, எத்தனை நிமிடம் ஆயிற்று என்று பக்கத்தின் கீழ் மூலையில் எழுதி, அந்த எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போடுவார். விடை அடுத்த மாத இதழில் வரும். அவர் போட்டது சரியென்றால் பழைய இதழைத் தேடி எடுத்து வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு டிக். முப்பத்தொரு வருஷமாக இதே கதைதான்.

அவளுக்குச் செஸ் தெரியாது. குதிரை ஒன்று இருக்கிறது, அது நேராகப் போகாது என்பது வரைக்கும் தெரியும். ஆனால் அந்தச் சாயங்காலங்களில் தையல் மெஷினை நிறுத்திவிடுவாள். சத்தம் அவருக்கு இடைஞ்சல் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லாமலே நிறுத்துகிற பழக்கம் அவளுக்கு.

அவள் அப்படித்தான் வளர்ந்தாள். பன்னிரண்டு வயதில் அம்மா போய்விட்டாள். இரண்டு வயதுத் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. பள்ளிக்கூடப் பை ஆணியில் தொங்கியது, தொங்கியபடியே இருந்தது. கல்யாணமாகி வந்தபோது பதினொரு வயதுத் தம்பியும் கூடவே வந்தான். எந்தச் சந்திலும் பூந்து வெளியே வருகிற பையன். புருஷன் முதல் வாரத்திலேயே அவனுக்கு எலி என்று பெயர் வைத்தார். "எல்லாருக்கும் கல்யாணப் பரிசா பாத்திரம் வரும். எனக்கு ஒரு எலி வந்துச்சு" என்று நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பார். அந்த எலியின் படிப்புக்குச் செலவழித்ததும் அவர்தான், படிப்பு ஏறவில்லை என்றதும் கையில் திருப்புளியைக் கொடுத்துத் தன்னோடு கூட்டிக்கொண்டு போனதும் அவர்தான்.

அவர் லிப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிப்டுகள் அவருடைய காதுக்குப் பழக்கம். கீழே நின்று சத்தத்தைக் கேட்டே மேலே மோட்டாரில் எந்தப் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அதனால் லிப்ட் டாக்டர் என்று பெயர். பக்கத்து வீட்டுப் பெண்கள் அவளை டாக்டரம்மா என்று கூப்பிடுவார்கள். தலைவலிக்கு மாத்திரை கேட்பதுபோல் கேலி செய்வார்கள். அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விடுவாள். பதில் சொல்ல வார்த்தை வராது. வந்தாலும் வாசல் தாண்டாது.

பிரச்சினை கரையானில் ஆரம்பித்தது.

பின்னறையில் ஒரு சுவர் முழுக்கப் பத்திரிகை. எதிர்ச் சுவரில் அவள் தைக்க வாங்கி வைத்திருக்கும் துணிகள், பள்ளிச் சீருடைக்கும் திரைச்சீலைக்குமாக. ஒருநாள் துணிக்கட்டை நகர்த்தியபோது அடியில் மண் கோடு ஒன்று ஓடியிருந்தது. விரலால் தட்டினாள், உதிர்ந்தது. அந்தக் கோடு பத்திரிகைகளின் பக்கமிருந்துதான் வந்தது.

மருந்து அடிக்கிற ஆள் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இந்தப் பேப்பரையெல்லாம் வெச்சுக்கிட்டு நான் மருந்து அடிச்சா, அது கரையானுக்கு ஊறுகா மாதிரி. சனிக்கிழமை வரேன். அதுக்குள்ள காலி பண்ணி வைங்க."

அன்று சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னாள். சண்டை வரும் என்று நினைத்திருந்தாள். அவர் தட்டைப் பார்த்தபடி யோசித்தார்.

"எல்லாத்தையும் போட வேணாம். ஒண்ணு பண்ணு. கடைசிப் பக்கத்துல வட்டம் போட்டிருப்பேன்ல? அதுல இருபதுக்குக் கீழ இருந்தா போட்டுடு. அதெல்லாம் சுலபம், திரும்பிப் பார்க்கத் தேவையில்ல. இருபதுக்கு மேல இருந்தா வை. கஷ்டமானது மட்டும் இருந்தா போதும். எத்தனை தேறப்போகுது, முப்பது, நாப்பது. ஒரு பெட்டியில அடங்கிடும்."

"நானே பார்த்து எடுக்கவா?"

"நம்பர் பாக்கிறதுக்கு என்ன. டேப்பு பிடிச்சு அளக்கிற கைதானே."

அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அவருடைய பொருளில் கை வைக்க அவர் விட்டது அதுதான் முதல் தடவை.

செவ்வாய்க்கிழமை காலை உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாக எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, எண்ணைப் பார்த்து, இடதுபுறம் போடுவதற்கு, வலதுபுறம் வைப்பதற்கு. பழைய வருஷங்களிலிருந்து தொடங்கினாள். நான்கு. ஏழு. ஆறு. பதினொன்று. மூன்று. எல்லாவற்றுக்கும் டிக். இடதுபுறம் முழங்கால் உயரத்துக்கு ஏறியது. வலதுபுறம் ஒல்லியாக ஐந்தாறு இதழ். மத்தியானத்துக்குள் பதினைந்து வருஷத்தை முடித்துவிட்டாள். இந்த மனுஷன் நிஜமாகவே கெட்டிக்காரர்தான் என்று தோன்றியது. யாரிடமாவது சொல்லவேண்டும்போல் இருந்தது, யாரும் இல்லை, மெஷினைத் துடைத்தாள்.

புதன்கிழமை அடுத்த பத்து வருஷம். எட்டு. ஒன்பது. பன்னிரண்டு. பதினான்கு. அப்போதும் இடதுபுறம்தான். சில இதழ்களின் முதுகைக் கரையான் தின்றிருந்தது. கடைசிப் பக்கம் மட்டும் பிழைத்திருந்தால் போதும் அவளுக்கு.

அதற்கப்புறம் வலதுபுறம் உயர ஆரம்பித்தது.

முதலில் அவள் கவனிக்கவில்லை. கை தானாக அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. இருபத்திரண்டு. இருபத்தொன்று. இருபத்தாறு. முப்பது. ஒரு வருஷத்தில் நான்கு இதழ் வலதுபுறம் என்றால், அடுத்த வருஷத்தில் ஏழு. கடைசி இரண்டு வருஷத்தில் இடதுபுறம் போட ஒன்றுமே இல்லை. நாற்பது. முப்பத்தெட்டு. நாற்பத்தேழு. டிக் எங்கே என்று தேடினாள். சிலவற்றில் இல்லை. கடைசி எட்டு இதழ்களில் ஒன்றில்கூட இல்லை.

அவள் கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். வியர்த்திருந்தது.

பத்திரிகை கஷ்டமாகிவிட்டது. இதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. ஆசிரியர் மாறியிருப்பார். புது ஆள் வந்தால் பழைய வாசகர்களைப் பாடாய்ப் படுத்துவான், உலக வழக்கம். அல்லது கண்ணாடி மாற்றவேண்டியிருக்கும். வேலைக் களைப்பாக இருக்கும். ஒவ்வொரு காரணமாக எடுத்து மேலே போர்த்திக்கொண்டாள். கொஞ்சநேரம் சரியாகக்கூட இருந்தது.

ஆனால் அவள் தையல்காரி. ஒரே அச்சில் வெட்டிய இரண்டு துணி எங்கே கிடந்தாலும் அவளுக்குத் தெரியும். போன வருஷத்து இதழ் ஒன்றில் இருந்த படத்தை அவள் எங்கேயோ பார்த்திருந்தாள். மூலையில் ராஜா, அவருக்கு முன்னால் மூன்று சிப்பாய், தள்ளி ஒரு குதிரை, அந்த ஓரத்தில் யானை. படத்துக்கு மேலே சின்ன எழுத்தில், பழைய இதழில் வெளியானது, வாசகர் விருப்பத்துக்காக மீண்டும், என்று போட்டிருந்தது.

போடவேண்டிய கட்டுகளை அவிழ்த்துத் தேடினாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. கிடைத்தது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய இதழ். இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். கட்டம் கட்டமாக விரல் வைத்துப் பார்த்தாள். ஒரே படம். ஒரே கேள்வி, வெள்ளை ஆடி மூன்றே நகர்வில் முடிக்கவேண்டும்.

பழையதின் மூலையில் நான்கு. டிக்.

புதியதின் மூலையில் ஐம்பத்தொன்று. டிக் இல்லை. அவர் இழுத்திருந்த பென்சில் கோட்டைப் பார்த்தாள். அதற்குச் செஸ் தெரிய வேண்டியதில்லை. வெள்ளைக் காய் நகரவேண்டிய கணக்குக்கு அவர் கறுப்புக் காயை நகர்த்தியிருந்தார்.

பத்திரிகை கஷ்டமாகவில்லை.

அவள் அந்த இரண்டு இதழையும் எடுத்துத் துணிக்கட்டுக்குப் பின்னால் செருகினாள். ஏன் ஒளித்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அவர் கேட்டார்: "மருந்துக்காரன் எப்ப வரான்?"

"சனிக்கிழமை."

கொஞ்ச நேரம் கழித்து, தண்ணீர் குடித்துவிட்டு: "இந்த மருந்துக்காரன் எப்ப வரேன்னான்?"

"சனிக்கிழமைங்க."

கை கழுவிவிட்டு வந்து துண்டில் துடைத்தபடி மறுபடியும் கேட்டார். அவள் மறுபடியும் சொன்னாள். போன மாதம் என்றால் இதைக் கணக்கிலேயே எடுத்திருக்க மாட்டாள். எந்த ஆம்பளை பெண்டாட்டி சொல்வதை முதல் தடவையில் காதில் வாங்கியிருக்கிறான். இத்தனை நாளாக அப்படித்தான் நினைத்துச் சிரித்திருக்கிறாள். இப்போது அந்தச் சிரிப்பெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து அவளைப் பார்த்தன. தெருமுனையில் எந்தப் பக்கம் திரும்புவது என்று அவர் நின்றது. சட்டையை உட்புறம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு வந்து, புது நாகரிகம் என்று சொன்னது.

வியாழக்கிழமை கட்டுகளைத் தூக்கி வெளியே வைக்கத் தம்பி வந்தான். வயது நாற்பத்திரண்டு, இன்னும் எலிதான். இரண்டு கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு கேட்டான்: "ஏன்க்கா, போடறதைவிட வைக்கிறது ஜாஸ்தியா இருக்கே? அத்தான் ஏமாத்திட்டாரா?"

"கடைசி வருஷமெல்லாம் அப்படித்தான் இருக்கு."

"வயசாச்சுல்ல. அவருக்கும் பேரிங் தேயுது." சிரித்தான். டீயை வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். "போன மாசம் ஒரு கூத்து. வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்துட்டோம். ஆறு மாடிக் கட்டடம். ஜனங்க போன் மேல போன், லிப்ட் ஓடலைன்னு. என்னன்னு பார்த்தா, பியூஸு அத்தான் சட்டைப் பையிலயே வந்துடுச்சு. ஆறு மாடியும் அன்னிக்கு உடற்பயிற்சி."

"பியூஸை ஏன் பையில வைக்கிறாரு?"

"அதுதான்க்கா எங்க உயிரு. நான் கீழ குழியில இறங்குவேன். தலைக்கு மேல லிப்ட் பெட்டி நிக்கும். அத்தான் மேல மோட்டார் ரூம்ல பியூஸைப் பிடுங்கிக் கையில வெச்சுக்குவாரு. சுவிட்சை யாராவது போட்டாலும் ஓடாது. இறங்கறதுக்கு முன்னால நான் கேப்பேன், கையில இருக்கான்னு. அவரு கையில இருக்கும்பாரு. அப்புறந்தான் காலை வைப்பேன். இருபத்திரண்டு வருஷமா இதே மந்திரம்."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எப்பவாவது கையில இல்லாம இருக்குன்னு சொல்லியிருக்காரா?"

"சொல்லியிருந்தா இங்க உக்காந்து உன் டீயைக் குடிப்பேனா?"

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். எங்கே ஆரம்பிப்பது? உங்க அத்தான் நாலு நிமிஷத்துல போட்டதை இப்ப ஐம்பத்தொரு நிமிஷத்துல போடறாரு என்றா? அவன் சிரிப்பான். ஆறாம் வகுப்பைத் தாண்டாதவள் லிப்ட் டாக்டருக்கு வைத்தியம் பார்க்கிறாளா? தப்பாக இருந்தால், அந்த மனுஷன் பெயர் போய்விடும். சரியாக இருந்தால்? அதற்குள் அவர் உள்ளே வந்துவிட்டார்.

"எலி, நாளைக்கு எங்க?"

"சொன்னேனே அத்தான், அந்த ரெட்டை லிப்ட் கட்டடம். குழியில தண்ணி. எல்லாத்தையும் இறைச்சு, அடி ஸ்பிரிங்கை மாத்தணும். நாள் முழுக்கக் குழிதான்."

"ஆமாமா. தெரியும்."

தெரியும் என்று சொன்ன விதத்தை அவள் கேட்டாள். அந்தப் பதில் ஒரு கணம் தாமதமாக வந்தது.

தம்பி போன பிறகு அவள் மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள். "இப்பல்லாம் அந்தக் கடைசிப் பக்கம் கஷ்டமா போடறாங்களோ?"

அவர் சட்டென்று திரும்பினார். "ரொம்ப. யாரோ புது ஆளு. படிச்சவன் போல." பிறகு கடிகாரத்தின் வாரைத் திருகிக்கொண்டே, "மனுஷன் போடற மாதிரியே இல்ல" என்றார்.

அன்று இரவு முழுக்க அவள் தூங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை இருவரும் கிளம்பினார்கள். அவர் கருவிப்பையைத் தோளில் மாட்டினார். தம்பி வண்டியை எடுத்தான். "வரோம்க்கா" என்றான். தினமும் சொல்வதுதான். அவள் வாசலில் நின்று, வண்டி மூலை திரும்பும் வரை பார்த்தாள். உள்ளே வந்து மெஷினில் உட்கார்ந்தாள். ஒரு சீருடைச் சட்டைக்குப் பை வைத்தாள். தைத்து முடித்துப் பார்த்தால் பையின் வாய் கீழே பார்த்தபடி இருந்தது. முப்பது வருஷத்தில் செய்யாத தப்பு. பிரித்தாள். மறுபடி வைத்தாள். மறுபடியும் தலைகீழ்.

ஊசியை நிறுத்தினாள். தன்னைவிடத் தன் கைக்கு விஷயம் முன்னாடியே தெரிந்துவிட்டது என்று பட்டது.

தம்பிக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. வேலை ஆரம்பித்துவிட்டால் அவன் யாருக்கும் எடுக்க மாட்டான். அத்தானோடு பேசுவதற்கு மட்டுமே அந்தப் போன். ஒளித்து வைத்த இரண்டு இதழையும் எடுத்துத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வீட்டைப் பூட்டினாள். கட்டடம் எந்தத் தெருவில் என்று தெரியும். அதன் நான்காம் மாடிக்காரிக்கு அவள் திரைச்சீலை தைத்துக் கொடுத்திருக்கிறாள், அளவு எடுக்கப் போனதில்லை. அளவைக் காகிதத்தில் எழுதி அனுப்பச் சொல்லித் தப்பித்துக்கொண்டாள்.

பஸ்ஸில் நின்றுகொண்டே போனாள், உட்கார இடம் இருந்தும். போய் என்ன சொல்வது என்று வாக்கியம் வாக்கியமாக அடுக்கினாள். தம்பி, இன்னிக்கு மட்டும் இறங்காதே. ஏன் என்பான். ஏன் என்றால். ஒவ்வொரு நிறுத்தத்திலும் வாக்கியம் கலைந்தது. இறங்கித் திரும்பிவிடலாமா என்று இரண்டு தடவை தோன்றியது. இரண்டாவது தடவை கம்பியிலிருந்து கையைக்கூட எடுத்துவிட்டாள்.

கட்டடத்து வாசலில் காவலாளி மறித்தார். "யாரைப் பார்க்கணும்?"

வழக்கமாக இந்தக் கேள்விக்கே அவள் திரும்பி நடந்துவிடுவாள்.

"லிப்ட் வேலை பாக்கிறவங்க. நான் அவரு வீட்டுல."

"ஓ, டாக்டரம்மாவா?" காவலாளி சிரித்தார். "டாக்டர் மேல, கம்பவுண்டர் கீழ. நேராப் போங்க. வலது பக்கத்து லிப்டுல ஏறிடாதீங்க, அதைத்தான் பிரிச்சுப் போட்டிருக்காங்க."

கூடத்தின் கடைசியில் இரண்டு லிப்ட் கதவுகள். வலதுபுறக் கதவு திறந்திருந்தது. உள்ளே பெட்டி இல்லை, வெறும் இருட்டு. இறைத்த தண்ணீர் தரையெல்லாம் ஓடியிருந்தது. தம்பி அந்த இருட்டின் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டிருந்தான். முதுகு அவள் பக்கம். பக்கத்தில் தரையில் போன், அதில் பேச்சுச் சத்தம் வெளியே கேட்டது.

"சாப்பிட்டு வந்தாச்சு அத்தான். மறுபடி இறங்கறேன். கையில இருக்கா?"

போனில் அவருடைய குரல் வந்தது. அமைதியான, நம்பிக்கையான குரல். "கையில இருக்கு. இறங்கு."

தம்பி இரண்டு கையையும் விளிம்பில் ஊன்றினான்.

அவள் கண் மேலே போனது. கதவுக்கு மேல் இருக்கும் சின்னக் கண்ணாடியில் சிவப்பாக ஐந்து என்று எரிந்தது. பக்கத்து லிப்டின் கண்ணாடியைப் பார்த்தாள். அது இருட்டாக இருந்தது.

"தம்பி, இறங்காத."

சத்தமாகச் சொல்லவில்லை. அவளுக்குச் சத்தம் வரவில்லை. ஆனால் அதற்குள் போய் அவன் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டாள், சின்ன வயசில் தெருவில் வண்டி வரும்போது பிடிப்பதுபோல.

"அக்கா? நீ எங்க இங்க? விடு, சட்டை கிழியும்."

"மேல எரியுது பாரு."

அவன் தலையைச் சாய்த்துப் பார்த்தான். "அது சும்மா நம்பர் விளக்குக்கா."

"அப்ப அதுல ஏன் எரியல?"

பக்கத்துக் கதவைக் காட்டினாள். அவன் அதைப் பார்த்தான். திரும்ப இதைப் பார்த்தான். முகத்திலிருந்து சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. காலை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தான். எழுந்தான். கதவைச் சாத்தினான். ஒரு நிமிஷம் லிப்டைக் கூப்பிடும் பொத்தானையே பார்த்துவிட்டு அழுத்தினான்.

சுவருக்குள் ஏதோ பெருமூச்சு விட்டது. கயிறு ஓடுகிற சத்தம். ஐந்து நான்காயிற்று. நான்கு மூன்றாயிற்று. இரண்டு பேரும் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். கீழே வந்து நின்று கதவு திறந்தது. வெளிச்சமான, சுத்தமான, ஆளில்லாத பெட்டி. கண்ணாடியில் அவர்கள் இருவரும் தெரிந்தார்கள்.

கதவு திறந்திருந்தாலும் ஓடும்படி காலையிலேயே உள்ளே ஒயர் போட்டு வைத்திருந்தார்கள், குழி வேலைக்குப் பெட்டியை ஏற்றி இறக்கிப் பார்க்கவேண்டும் என்பதற்காக. ஐந்தாம் மாடியில் யாராவது கடைக்குப் போகப் பொத்தானை அழுத்தியிருந்தால் போதும். இதைத் தம்பி அவளிடம் சொன்னது பல மாதங்களுக்குப் பிறகு. அப்போது அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

போனில் குரல்: "எலி, இறங்கிட்டியா?"

அவள் குனிந்து போனை எடுத்தாள்.

"நான்தான். தம்பி இறங்கல. நீங்க இறங்கி வாங்க. படியிலேயே வாங்க."

கல்யாணமான முப்பத்தொரு வருஷத்தில் அவள் அவருக்குப் போட்ட முதல் உத்தரவு அது. "வரேன்" என்றார் அவர்.

எட்டு மாடி. அவருடைய செருப்புச் சத்தம் ஒவ்வொரு வளைவிலும் திரும்பித் திரும்பி இறங்கி வந்தது. கடைசிப் படியில் நின்று உள்ளங்கையை நீட்டினார். பீங்கான் பியூஸ் அதில் இருந்தது.

"கையில இருக்கு. பாரு."

"இருக்கு அத்தான்" என்றான் தம்பி. "ஆனா அது இதோடது." இடதுபுறக் கதவைக் காட்டினான். "காலையில சரியாத்தான் எடுத்திருந்தீங்க. நடுவுல ஓட்டிப் பாக்கப் போட்டுட்டு, மறுபடி எடுக்கும்போது மாறிப்போச்சு."

அவர் பியூஸைப் பார்த்தார். இரண்டு கதவையும் பார்த்தார். சுவர்ப்பக்கம் திரும்பி நின்று, இடது வலது என்று கையை மெல்ல மாற்றி மாற்றி அசைத்துப் பார்த்தார். பிறகு படியில் உட்கார்ந்தார். யாராவது கூப்பிட்டால் உடனே எழுந்து போகிறவர்போல் கருவிப்பையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

திட்டுவார் என்று அவள் பயந்தாள். வேவு பார்க்க வந்தியா என்று கேட்பார் என்று பயந்தாள். அவர் கேட்டது வேறு. அவளுடைய துணிப்பையிலிருந்து எட்டிப்பார்த்த மஞ்சள் அட்டையைக் காட்டி, "அதை ஏன் கொண்டுவந்த?" என்றார்.

அவள் இரண்டையும் எடுத்துக் கொடுத்தாள். கடைசிப் பக்கத்தைத் தானே திருப்பினார். வெகுநேரம் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணா?"

"ஒண்ணுதாங்க."

"கஷ்டமாயிடுச்சுன்னு நினைச்சேன்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன்."

அவர் ஐம்பத்தொன்று என்ற எண்ணின்மேல் கட்டை விரலை வைத்துத் தேய்த்தார். அழிக்கிறாரோ என்று பார்த்தாள். அழிக்கவில்லை. "எழுதினது நிஜம்தான்" என்றார். "குறைச்சு எழுதணும்னு தோணும் சில நாள். எழுதினதில்ல." பியூஸைத் தம்பியின் கையில் கொடுத்தார். "எலி, மேல போய் நீயே சரியா மாட்டு. ஒயரையும் எடுத்துடு. இன்னிக்கு வேலை வேணாம்."

தம்பி வாங்கிக்கொண்டு படியேறினான். ஏறும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டதை இருவரும் பார்த்தார்கள், பார்க்காததுபோல் இருந்தார்கள்.

சனிக்கிழமை மருந்துக்காரர் வந்தபோது பின்னறை சுத்தமாக இருந்தது. இடதுபுறம், வலதுபுறம் எல்லாவற்றையும் பழைய பேப்பர்க்காரர் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். புருஷன்தான் எல்லாவற்றையும் போடச் சொன்னார். சொல்லிவிட்டு, பதினொரு நாள் அவளோடு பேசவில்லை. அவளும் தன் பாட்டுக்கு இருந்தாள். ஆனால் அந்தப் பதினொரு நாளும் சமையலறை வாசலிலிருந்து அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். குளியலறையில் தண்ணீர் சத்தம் நின்றால் அவளுக்குப் பயம். நிற்காமல் ஓடினாலும் பயம். பன்னிரண்டாம் நாள் அவர் வந்து மெஷின் பக்கத்தில் நின்று, "ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா யாரைப் பாக்கணும்?" என்று கேட்டார். அவளுக்கும் தெரியாது. இருவரும் சேர்ந்து விசாரித்தார்கள்.

மருத்துவர் பார்த்தார். நிறையக் கேள்வி கேட்டார், கடிகாரம் வரையச் சொன்னார், வீட்டுக்காரர்கள் எப்போது கவனித்தீர்கள் என்றார். அவள் அந்த வட்டங்களை நினைவில் வைத்து வருஷவாரியாகச் சொன்னாள். இவ்வளவு துல்லியமாக யாரும் சொன்னதில்லை என்று சொல்லி மருத்துவர் எழுதிக்கொண்டார். நோய்க்கு ஒரு பெயர் சொன்னார். மெதுவாகத்தான் போகும், நிற்காது என்றும் சொன்னார்.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவருக்கு இப்போது அறுபத்திரண்டு வயது. மோட்டார் அறைகளுக்குப் போவதில்லை. தம்பி வேறு இரண்டு பேரோடு அதே வேலையைப் பார்க்கிறான், ஞாயிற்றுக்கிழமை வந்து அவரோடு உட்கார்ந்து கட்டடங்களைப் பற்றிப் பேசுகிறான். பழையதெல்லாம் அவருக்குத் தெளிவாக ஞாபகம் இருக்கிறது. இன்று காலை சாப்பிட்டதா இல்லையா என்பதில்தான் சந்தேகம். அவள் பின்னறையில் தைக்கிறாள், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. வெளியே போனால் இருவரும் சேர்ந்து போகிறார்கள். கடைக்காரர், மருந்துக்கடை, ஆஸ்பத்திரிச் சீட்டு எழுதுகிற இடம் எல்லாவற்றிலும் இப்போது அவள்தான் பேசுகிறாள். பயம் போகவில்லை. அடுத்த பரிசோதனை வரும் செவ்வாய்க்கிழமை, காலை பத்தரைக்கு.